விதையிலிருந்து வளர்த்த குளிர் தாங்கும் பனைகள்: எது எந்த வகை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பனி விழும் ஊர்களிலும் பிழைத்துக் கிடக்கும் விசிறிப் பனைகளில் அதிகம் வளர்க்கப்படுவது ட்ராக்கிகார்ப்பஸ் பேரினம். அதற்குள்ளேயே ஃபார்ச்சூனி, வாக்னேரியானஸ், தாகில், மார்ட்டியானஸ், லாட்டிசெக்டஸ், பிரின்செப்ஸ், நானஸ் என்று பல பெயர்கள் உண்டு. விதை வாங்கி முளைக்க வைத்தவர்களுக்கு இரண்டாம் வருடமே குழப்பம் தொடங்கிவிடும். பல வருடங்களாக இவற்றை விதையிலிருந்து வளர்த்து வருகிறேன். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு நான் பார்த்ததையும் படித்ததையும் வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

சொற்களைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஓலையைத் தாங்கும் காம்பை மட்டை என்கிறேன். விசிறியில் பிரிந்து நிற்கும் ஒவ்வொரு பட்டையும் கீற்று. மட்டையின் அடியில் தண்டைச் சுற்றியிருக்கும் நார் வலை பன்னாடை.

சில மாத நாற்றைப் பார்த்தே வகை சொல்லிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியாது. இந்தப் பனைகளின் முதல் இலை விசிறியாக வராது. நீளவாக்கில் மடிப்பு விழுந்த, புல் போன்ற ஒற்றை இலைதான் வரும். ட்ராக்கிகார்ப்பஸ் மட்டுமல்ல, சாமேரோப்ஸ், வாஷிங்டோனியா, சாபல் என்ற மற்ற விசிறிப் பனைப் பேரினங்கள் எல்லாமே இப்படித்தான் தொடங்குகின்றன. பேரினத்தையே மாற்றிச் சொல்லிவிடக்கூடிய பருவம் இது.

ஒன்றிரண்டு வருடத்தில் ஓலை பிரியத் தொடங்கும். முதலில் இரண்டாகவோ நான்காகவோதான் பிரியும். வகையின் குணம் நன்றாகத் தெரிய நான்கைந்து வருடம் ஆகும். தண்டையும் பன்னாடையையும் வைத்துச் சொல்ல வேண்டிய அடையாளங்களுக்கு அதற்கும் மேல் காத்திருக்க வேண்டும்.

விதையை வைத்துச் சொல்ல முடியுமா?

ஓரளவுக்கு முடியும், அதுவும் ஒரே ஒரு பிரிவினையைத்தான். ட்ராக்கிகார்ப்பஸ் விதைகள் இரண்டு வடிவத்தில் வரும். ஃபார்ச்சூனி, வாக்னேரியானஸ், தாகில், பிரின்செப்ஸ், நானஸ் ஆகியவற்றின் விதை சிறுநீரக வடிவம்: ஒரு பக்கம் குழிந்து, மறுபக்கம் வளைந்திருக்கும். மார்ட்டியானஸ், லாட்டிசெக்டஸ் இரண்டின் விதையும் நீள்வட்டமாக, ஒரு பக்கம் நீளமாகக் கோடு விழுந்து, காப்பிக்கொட்டை மாதிரியே இருக்கும்.

அதனால் மார்ட்டியானஸ் என்று எழுதிய பொட்டலத்தில் சிறுநீரக வடிவ விதை இருந்தால் அது மார்ட்டியானஸ் இல்லை. ஊற வைப்பதற்கு முன்பே இது தெரிந்துவிடும். ஆனால் சிறுநீரக வடிவக் கூட்டத்துக்குள் எது ஃபார்ச்சூனி, எது வாக்னேரியானஸ் என்று விதையைப் பார்த்து யாராலும் பிரிக்க முடியாது. விதைப்பதற்கு முன் ஐந்தாறு விதைகளை ஒரு தாளில் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்குள் போன பிறகு அந்த அடையாளம் திரும்பக் கிடைக்காது.

பொட்டலத்தில் பெயர் தெளிவாகப் போட்டிருக்கிறதே, நம்பக்கூடாதா?

நம்பலாம், ஆனால் அது யாருடைய பெயர் என்று தெரிந்து நம்ப வேண்டும். விதை எந்த மரத்திலிருந்து பறிக்கப்பட்டதோ அந்தத் தாய்மரத்தின் பெயர்தான் பொட்டலத்தில் இருக்கிறது. உங்கள் தொட்டியில் முளைத்திருப்பது அந்தத் தாயின் பிள்ளை. தகப்பன் யார் என்பதைப் பொட்டலம் சொல்லவில்லை.

நம் பனையைப் போலவே ட்ராக்கிகார்ப்பஸிலும் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரு வாக்னேரியானஸ் பெண் மரம் காய்க்க வேண்டுமென்றால் எங்கிருந்தாவது மகரந்தம் வந்தாக வேண்டும். தோட்டங்களில் ஃபார்ச்சூனி ஏராளம், வாக்னேரியானஸ் குறைவு. இரண்டும் தாராளமாகக் கலக்கும். ஆகவே பக்கத்தில் வாக்னேரியானஸ் ஆண் மரம் இல்லாத தோட்டத்திலிருந்து பறித்த விதை, தாய் எவ்வளவு சுத்தமான மரமாக இருந்தாலும், கலப்பு நாற்றைத்தான் தரும்.

நான் ஒருமுறை வாக்னேரியானஸ் என்று வாங்கிய இருபது விதையில் பதினான்கு முளைத்தன. மூன்றாம் வருடம் ஒன்பது நாற்று விறைத்த ஓலையோடு நின்றன, மூன்று தொங்கின, இரண்டு எதிலும் சேராமல் நடுவில் இருந்தன. விற்றவர் ஏமாற்றினார் என்று அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், அவர் பறித்த மரம் வாக்னேரியானஸ்தான். காற்றும் பூச்சியும் கொண்டுவந்த மகரந்தத்துக்கு அவர் என்ன செய்வார்? அன்றிலிருந்து விதை வாங்கும்போது “என்ன வகை?” என்பதோடு “பக்கத்தில் என்னென்ன மரங்கள் நிற்கின்றன?” என்றும் கேட்கிறேன். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக்கூடியவரிடம் வாங்குவது நல்லது.

ஃபார்ச்சூனியையும் வாக்னேரியானஸையும் எப்படிப் பிரிப்பது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நல்லவேளையாக, சின்ன வயதிலேயே ஓரளவு விடை கிடைப்பதும் இதற்குத்தான்.

வளர்ந்த மரத்தில் சந்தேகமே வராது. ஃபார்ச்சூனி ஓலை பெரியது, கீற்றின் நுனிகள் பெரும்பாலும் மடங்கித் தொங்கும். வாக்னேரியானஸ் ஓலை அதில் ஏறக்குறைய பாதி, சுமார் 45 செ.மீ. அகலம்தான். கீற்றுகள் நுனிவரை விறைத்து நிற்கும், மட்டையும் குட்டை. பலத்த காற்றுக்குப் பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஃபார்ச்சூனி கிழிந்து நைந்திருக்கும், வாக்னேரியானஸ் ஒன்றுமே நடக்காதது போல் நிற்கும்.

நாற்றில் கண்ணைவிட விரலை நம்புங்கள். இரண்டாம் மூன்றாம் வருட நாற்றில், முழுதாக விரிந்து முற்றிய ஓலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். குருத்தை அடுத்து நிற்கும் இளம் ஓலை வேண்டாம், அது எந்த வகையிலும் மெத்தென்றுதான் இருக்கும். முற்றிய ஓலையின் நுனியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து மெல்லக் கீழே வளையுங்கள். ஃபார்ச்சூனி ரிப்பன் மாதிரி வளைந்துகொடுக்கும். வாக்னேரியானஸ் தடித்த அட்டையைப் போல எதிர்த்து நிற்கும், விட்டதும் டக்கென்று பழைய இடத்துக்கு வரும்.

அடுத்து அதே ஓலையைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துக் கீற்றுகளின் ஓரத்தைப் பாருங்கள். வாக்னேரியானஸ் இளஞ்செடியில் ஓரம் நெடுக வெள்ளைப் பஞ்சு இழைத்தாற்போல் மெல்லிய கோடு ஓடும். புது ஓலையில் நன்றாகத் தெரியும், பழைய ஓலையில் மழையிலும் உரசலிலும் போய்விடும். விரலால் தேய்த்தாலும் போய்விடும், அதனால் பார்த்துவிட்டுத் தொடுங்கள். விறைப்பு, சின்ன ஓலை, வெள்ளை ஓரம் மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்குத் திருப்தி. ஒன்று மட்டும் இருந்தால் பெயர் எழுத மாட்டேன்.

வாக்னேரியானஸ் தனி இனமா, ஃபார்ச்சூனியின் ஒரு வடிவமா?

காட்டில் எங்கும் அது கண்டறியப்படவில்லை. ஜப்பானில் வளர்ப்பில் இருந்த செடிகள் வழியாகத்தான் உலகுக்குத் தெரியவந்தது. ஃபார்ச்சூனியிலிருந்து மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்த வடிவம் என்று கருதுகிறவர்களே இன்று அதிகம், நானும் அந்தப் பக்கம்தான். பூவிலும் விதையிலும் வேறுபாடு இல்லாதபோது ஓலையை மட்டும் வைத்துத் தனி இனம் என்பது எனக்கு ஒப்பவில்லை. தோட்டக்காரருக்கு இந்த விவாதத்தால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. எந்தப் பெயர் வைத்தாலும் அந்த விறைத்த ஓலை அப்படியேதான் இருக்கும்.

நிழலும் தொட்டியும் ஓலையை மாற்றிவிடுமா?

மாற்றும். தவறான பெயர்களில் பாதி இங்கேதான் பிறக்கின்றன என்று நினைக்கிறேன்.

நிழலில் வளரும் நாற்று வெளிச்சத்தைத் தேடி மட்டையை நீட்டும், ஓலை அகலமாகி மெலிந்து தொங்கும். நல்ல வாக்னேரியானஸ் கூட ஜன்னல் ஓரத்தில் இரண்டு குளிர்காலம் கிடந்தால் ஃபார்ச்சூனி போலத் தெரியும். நேர்மாறாக, சின்னத் தொட்டியில் வேர் சுற்றி, உரமும் இல்லாமல், முழு வெயிலில் காயும் ஃபார்ச்சூனி, குட்டை மட்டையும் சின்ன ஓலையுமாகச் சுருங்கி வாக்னேரியானஸ் வேடம் போடும். அதை நிலத்தில் நட்டு இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் ஓலை பெருத்துத் தொங்கத் தொடங்கியிருக்கும்.

அதனால் ஒற்றைச் செடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒப்பிட வேண்டிய செடிகளை ஒரே அளவு தொட்டியில், ஒரே மண்ணில், ஒரே இடத்தில், ஒரே வெயிலில் குறைந்தது ஒரு முழு வளர்காலம் வையுங்கள். அதற்குள் புதிதாக வந்த ஓலைகளை மட்டும் ஒப்பிடுங்கள். பழைய ஓலை பழைய இடத்தின் கதையைத்தான் சொல்லும். சந்தேகமில்லாத ஒரு ஃபார்ச்சூனி நாற்றை அதே வரிசையில் நிறுத்தி வைத்தால் அதுவே அளவுகோலாகிவிடும்.

என்னிடம் இருப்பது உண்மையான தாகிலா?

தாகில், உத்தரகண்டின் குமாவுன் மலைப்பகுதியைச் சேர்ந்தது; பித்தோராகர் அருகே பனி விழும் உயரத்தில் வளர்கிறது. பெயரும் அங்குள்ள தாகில் மலையிலிருந்துதான். இத்தாலியத் தாவரவியலாளர் பெக்காரி 1905இல் இதற்குப் பெயரிட்டார். குளிரில் ஃபார்ச்சூனியையும் மிஞ்சும் என்ற பேச்சால் விதைக்குத் தேவை கூடியது, தேவை கூடியதும் கலப்படமும் கூடியது.

நைனிடால் பக்கம் நட்டு வளர்த்த பனைகளின் விதைகள் நெடுங்காலம் தாகில் என்ற பெயரில் உலகம் முழுக்கப் போயின. அவை ஃபார்ச்சூனியின் ஒரு வடிவம் என்பது பிறகு தெரிந்து, இன்று ‘நைனி டால்’ என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றன. பழைய தோட்டங்களில் தாகில் என்று பலகை வைத்து நிற்கும் மரங்களில் பல இந்த வகைதான்.

நாற்றில் தாகிலையும் ஃபார்ச்சூனியையும் பிரிக்க நம்பகமான வழி என்று நான் எதையும் சொல்ல மாட்டேன். கொஞ்சம் வளர்ந்த செடியில், குருத்தை ஒட்டிய பன்னாடையின் மேல்நுனியைப் பார்ப்பார்கள். ஃபார்ச்சூனியில் அது நீண்ட நாடா போலத் தொங்கும்; தாகிலில் குட்டையாக, முக்கோணமாக நிமிர்ந்து நிற்கும். இந்த அடையாளத்தையும் ஒரே செடியில் பார்த்து முடிவு கட்ட வேண்டாம், ஐந்தாறு செடிகளிலாவது ஒத்துவர வேண்டும். விதை எந்த மலையிலிருந்து வந்தது என்ற தகவல் இல்லாமல் ‘தாகில்’ என்று எழுதிக்கொள்வது வெறும் ஆசைதான்.

மார்ட்டியானஸ், லாட்டிசெக்டஸ் இரண்டையும் எப்படி அறிவது?

இவை இரண்டும் ஃபார்ச்சூனி கூட்டத்திலிருந்து விலகியவை. விதை காப்பிக்கொட்டை வடிவம், வளர்ந்த மரத்தின் தண்டு நார் போர்த்தாமல் வழுவழுவென்று இருக்கும். மார்ட்டியானஸ் மேகாலயாவின் காசி மலைகளிலும் நேபாளத்திலும் வளர்கிறது. லாட்டிசெக்டஸ் டார்ஜீலிங், காலிம்போங் பக்கத்தது; 1997இல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது.

மார்ட்டியானஸ் ஓலை சீப்பு வைத்துப் பிரித்தாற்போல் சீராக, ஏறக்குறைய பாதி ஆழத்துக்குப் பிரிந்திருக்கும். ஃபார்ச்சூனியில் ஒரு பிளவு ஆழமாகவும் அடுத்தது மேலோட்டமாகவும் ஒழுங்கில்லாமல் இருக்கும். இளம் மார்ட்டியானஸின் குருத்திலும் மட்டை ஓரத்திலும் வெள்ளைப் பஞ்சு படிந்திருக்கும். லாட்டிசெக்டஸ் பெயரிலேயே அடையாளம் இருக்கிறது: அகலக் கீற்றுக்காரி என்று பொருள். ஆனால் கீற்றின் அகலம் பெரிய ஓலை வந்த பிறகுதான் பேசும். நாற்றில் இந்த இரண்டுக்கும் இடையே தடுமாறுவது சகஜம்.

இவற்றைச் சரியாக அறிவதில் ஒரு நடைமுறைக் காரணமும் உண்டு. நன்றாக வேரூன்றிய ஃபார்ச்சூனி மைனஸ் 15 டிகிரி வரைகூடத் தாங்கும். மார்ட்டியானஸ் அவ்வளவு தாங்காது. பெயரை மாற்றி நம்பி வெளியே நட்டால் ஒரே குளிர்காலத்தில் போய்விடும்.

ஓலையின் அடிப்பக்கம் வெளுப்பாக இருக்கிறது. பிரின்செப்ஸாக இருக்குமா?

இருக்கலாம், ஆனால் அவசரப்பட வேண்டாம். பிரின்செப்ஸ் சீனாவின் யுனான் மாகாணத்தில், சால்வீன் ஆற்றின் செங்குத்தான பாறைகளில் வளர்வது, 1995இல் விவரிக்கப்பட்டது. ஓலையின் அடிப்புறமும் மட்டையும் மெழுகு பூசியதுபோல் நீலம் கலந்த வெண்மையாக இருக்கும். பார்த்தவர்கள் மறக்க முடியாத அழகு அது.

சிக்கல் என்னவென்றால், ஃபார்ச்சூனி ஓலையின் அடியும் கொஞ்சம் வெளிறித்தான் இருக்கும். சந்தேகமற்ற ஃபார்ச்சூனி ஓலை ஒன்றைப் பக்கத்தில் திருப்பி வைத்து ஒப்பிடுங்கள். அப்புறம் மட்டையைப் பாருங்கள்: அடிப்புறம் வெளிறி, மட்டை வெறும் பச்சையாக இருந்தால் நான் அதைப் பிரின்செப்ஸ் வரிசையில் வைக்க மாட்டேன்.

நாற்று வளரவே மாட்டேன் என்கிறது. குட்டையான நானஸாக இருக்குமோ?

மெதுவாக வளர்வது ஓர் அடையாளமே இல்லை. குளிர்ந்த மண், நெருக்கமான தொட்டி, அழுகிய வேர், எது இருந்தாலும் எந்தப் பனையும் நின்றுவிடும். நானஸ் என்பது தரைக்கு மேல் தண்டே எழுப்பாத யுனான் பனை. அதன் பாளை ஓலைகளுக்கு நடுவே நிமிர்ந்து வரும். அதைப் பார்க்கும்வரை பொறுங்கள்.

ட்ராக்கிகார்ப்பஸா, சாமேரோப்ஸா?

மட்டையைத் தடவிப் பாருங்கள். சாமேரோப்ஸ் ஹூமிலிஸின் மட்டை ஓரத்தில் ஓலையை நோக்கிச் சாய்ந்த கூரிய முட்கள் வரிசையாக இருக்கும். ட்ராக்கிகார்ப்பஸில் அரம் போன்ற சின்னச் சொரசொரப்போடு சரி. சாமேரோப்ஸ் வயதானதும் அடியிலிருந்து பக்கக் கன்றுகளும் விடும்.

மொராக்கோவின் அட்லஸ் மலையில் வளரும் வெள்ளி நிற சாமேரோப்ஸ் விதையை வாங்கிவிட்டு, நாற்று பச்சையாக இருக்கிறதே என்று பலர் வருந்துகிறார்கள். முதல் ஓலைகளில் வெள்ளி நிறம் வராது. நல்ல வெயிலில் வைத்து, விசிறி ஓலைகள் வந்த பிறகு பாருங்கள். அப்போதும் ஒரு கூட்டத்தில் சில மட்டும் வெளுத்து மற்றவை பச்சையாக நின்றால், அங்கேயும் பச்சைத் தகப்பன் புகுந்திருக்கிறான் என்று அர்த்தம்.

வாஷிங்டோனியாவில் ரோபஸ்டா, ஃபிலிஃபெரா இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டா?

உண்டு. ரோபஸ்டா நாற்றின் மட்டை அடி செம்பழுப்பாக இருக்கும், ஓலை பளபளக்கும் பச்சை. ஃபிலிஃபெராவின் மட்டை அடி பச்சை, ஓலை சாம்பல் கலந்த பச்சை, கீற்றுகளுக்கிடையே வெள்ளை நூல்கள் அதிகம். குளிரை அதிகம் தாங்குவது ஃபிலிஃபெராதான். இரண்டும் கலந்து பிறந்தவை நடுத்தரமாக இருக்கும். அவையும் ஏராளமாக விற்பனைக்கு வருகின்றன.

குளிரில் வெளியே வைத்துப் பிழைக்கிறதா என்று பார்த்து வகை சொல்லலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். இளம் நாற்று எந்த வகையானாலும் பெரிய மரம் தாங்கும் குளிரைத் தாங்காது. தொட்டியில் இருந்தால் வேரும் உறைந்துவிடும். செத்த நாற்று தன் வகையைச் சொல்லிவிட்டுச் சாவதில்லை. பிழைத்ததும் எதையும் நிரூபிக்காது. ஒரே கூட்டத்தில் ஒன்று ஓரமாக இருந்ததாலேயே கருகும், மற்றது நடுவில் இருந்ததால் தப்பிக்கும்.

குறிப்பு எப்படி வைத்துக்கொள்வது?

பேனாவால் எழுதாதீர்கள். நான் ஒரு வருடம் நல்ல மார்க்கர் என்று நம்பி எழுதிய நாற்பது அட்டைகள் ஒரே கோடையில் வெள்ளையாகிவிட்டன. இரண்டு கூட்டத்தின் அடையாளம் அதோடு போனது, இன்னமும் மனது கேட்கவில்லை. பென்சிலால் பிளாஸ்டிக் அட்டையில் எழுதினால் பல வருடம் நிற்கும். மெல்லிய அலுமினியத் தகட்டில் ஆணியால் கீறினால் அதைவிட நல்லது.

ஒவ்வொரு விதைக் கூட்டத்துக்கும் ஓர் எண் கொடுங்கள். செடியில் அந்த எண் மட்டும் போதும். வாங்கிய பெயர், விதை வந்த இடம், விதைத்த நாள், முளைத்த எண்ணிக்கை, விதையின் படம் எல்லாம் நோட்டில் இருக்கட்டும். பெயர் பின்னால் மாறலாம், எண் மாறாது. ஒரு கூட்டத்துச் செடிகளைக் கடைசிவரை சேர்த்தே வையுங்கள். சின்னதாக இருப்பதை எறிந்துவிட வேண்டாம். வாக்னேரியானஸ் கூட்டத்தில் வேகமாக வளரும் நாற்று பெரும்பாலும் கலப்பாகவே இருக்கும். நல்லது என்று அதை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்தால் வேண்டியதே போய்விடும்.

ஐந்து வருடம் ஆகியும் ஒரு செடி எந்த விவரிப்பிலும் அடங்கவில்லை. என்ன பெயர் எழுதட்டும்?

தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். என் தோட்டத்தில் மேலே சொன்ன அந்த இரண்டு நடுத்தர நாற்றுகளும் இப்போது இடுப்பளவு உயரம். ஓலை அகலம் ஃபார்ச்சூனி மாதிரி, விறைப்பு வாக்னேரியானஸ் மாதிரி, காற்றுக்கு அசைவதே இல்லை. அவற்றின் தகட்டில் நான் கீறியிருப்பது இவ்வளவுதான்: “கூட்டம் 7. தாய் வாக்னேரியானஸ். தகப்பன் தெரியாது.”